முழுப் பாதை

நீர்ப்பாசனத் திணைக்களம், கிளிநொச்சி.
கூரை விசிறிக்கு இரண்டாம் வேகம் இல்லை,
மூன்றில் வைத்தால் வவுச்சர்கள் பறக்கும்.
வன்தட்டு ஒன்றை மேசையில் வைத்துப் பொறியியலாளர் சொன்னார்:
"பதினொரு வருச நீர்மட்டம் இதுக்குள்ள கிடக்கு.
எத்தினை கோப்பு எண்டு எண்ணித் தாரும், தங்கச்சி."

பைத்தனில் இருபது வரி.
உள்ளே போ. ஒவ்வொரு பெயராய் எடு.
அடைவா என்று கேள். ஓம் என்றால் அதற்குள்ளும் போ.
இல்லையென்றால் கோப்பு, ஒன்றைக் கூட்டு.

விடை வந்தது:
கோப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு. அடைவு பூச்சியம்.

பூச்சியமா?
கண்ணால் பார்க்கிறேன், மஞ்சள் மஞ்சளாய் உறைகள்.
திறந்தால் உள்ளே மாதங்கள், மாதங்களுக்குள் நாட்கள்.
என் நிரல் மட்டும் படலையடியில் நின்று
வீட்டைச் செங்கல் என்று எண்ணிவிட்டுத் திரும்புகிறது.

பக்கத்து மேசைக் கோகுலவாணி சொன்னாள்,
"பேரில புள்ளி இருந்தாக் கோப்பு, இல்லாட்டி அடைவு. லேசு."
லேசுதான்.
ஆனால் பாலையடிக்குளத்தில் நீர்மட்டம் எடுக்கும் ரட்ணவடிவேல்
தன் அடைவுக்கு வைத்த பெயர் "மாரி.2014".
புள்ளிக்குள்ளே நூற்றிருபது நாள் மழை.
புள்ளியில்லாத அவருடைய "கோடை"
ஒற்றைக் கோப்பு, ஒற்றை வரி:
தண்ணி இல்லை. அளவுகோலடியில் மாடு நிக்குது.

பெயரை நம்பி இந்தப் பக்கம் நடக்க முடியாது.
மாங்குளத்தில் இறங்கிக் குளம் தேடியவர்கள் உண்டு.
புதுக்குளம் என்றால் இங்கே பழசு.
குளம் என்பது ஊர், ஊருக்குள் குளம்,
அதன் அலைகரைக்குள் இன்னொரு குட்டிக் குளம்.
எது கொள்வது, எது அடங்கிக் கிடப்பது
எழுத்தில் தெரியாது.

பிடிபட்டது பின்னேர பஸ்ஸில்.
மடியில் உரப்பையோடு ஒருத்தி, "மருதங்குளம் ஒண்டு" என்றாள்.
நடத்துநர் ரிக்கெற் கிழிக்கவில்லை.
"எந்த மருதங்குளம்?"
"மல்லாவி றோட்டால போய், பாலத்துக்கு இஞ்சால,
இடக்கைப் பக்கம் இறங்கிற மருதங்குளம்."
"அப்பிடிச் சொல்லுங்கோ."
கிழித்தார்.

நானும் பெயரை மட்டும்தான் நீட்டியிருக்கிறேன்.
நிரல் தான் நின்ற இடத்தில் நின்றபடியே
மருதங்குளம் அடைவா என்று கேட்டது.
இந்த இடத்தில் அப்படி ஒன்று இல்லை,
இல்லை என்றது இயந்திரம். பொய் சொல்லவில்லை.
இல்லை என்றதைக் கோப்பு என்று எழுதியவள் நான்.

காலையில் ஒரு வரியைத் திருத்தினேன்.
தாய் அடைவோடு பெயரைச் சேர், பிறகு கேள்.
துருசு திறந்தது போல இறங்கியது நிரல்,
வாய்க்கால், கிளை வாய்க்கால், வரம்போர வெட்டு.
கோப்பு நாலாயிரத்து நூற்றாறு.
அடைவு எண்ணூற்று முப்பது.
மிச்சம் ஒன்று.

குருந்தன்குளம்.
அடைவா? இல்லை.
கோப்பா? இல்லை.
இருக்கிறதா என்றே கேட்டுப் பார்த்தேன். இல்லை.
பட்டியலில் மட்டும் பெயர், ஓரத்தில் சின்ன அம்புக்குறி.
யாரோ இணைத்துவைத்த சுட்டி. அது காட்டும் பாதை
வேறொரு தட்டு, 2008.
அந்தத் தட்டு இங்கே வந்து சேரவில்லை.

ரட்ணவடிவேலுக்குப் போன் எடுத்தேன். உழவு மெசின் சத்தம்.
"அது கட்டு உடைஞ்சது, தங்கச்சி. பிறகு ஆரும் கட்டேல்ல.
போற வழி எனக்குத் தெரியும்.
காட்டுக்குள்ள மருதமரம் வரிசையா நிக்கும்,
அந்த வரிசைதான் கட்டு."

அறிக்கையில் இரண்டே கட்டங்கள் இருந்தன.
அடிமட்டம் வைத்து மூன்றாவது கீறி
அதற்குள் 'ஒன்று' என்று எழுதினேன்.
தலைப்பு இன்னும் வைக்கவில்லை.
மூன்று மணிக்குப் பொறியியலாளர் வருவார்.
விசிறி மூன்றில் சுழல்கிறது,
வவுச்சர்களுக்கு மேல் கல்.