எண்ணெயில் கீறியது

சுன்னாகம். மின்நிலையத்து மதிலுக்கு இப்பால்
மரவள்ளித் தோட்ட வரம்பில்
ஒரு கால் கட்டையான தாங்கிக்கு
செங்கல் ஒன்று கொடுத்து நிறுத்தினேன்.
காலை ஆறே முக்கால்.
மாசிப் பனி மூசிப் பெய்து
இன்னும் தறையை விட்டு எழும்பவில்லை.
புகைபோக்கிகள் இடுப்பளவு பனிக்குள்,
குளிக்க இறங்கி
குளிர் பார்த்துத் தயங்கியவர்கள் மாதிரி.

முதலில் கன்வஸ் முழுவதும் செம்பாட்டுக் காவி.
பிறகு பழைய சாரத்துணியால் துடைத்தேன்.
துடைத்த இடம் வானம்,
துடைக்காத இடம் இரும்பு.
இந்த வேலையில் பாதி துடைப்பதுதான்.

தூரத்தில் நிற்பது நீலிக்கும், விளிம்பு கெடும்,
எத்தனை தொன் எடையும் இல்லாமற் போகும்.
எண்ணெய்த் தாங்கிகளை அப்படித்தான் கரைத்தேன்.
மின்கம்பிகளைக் கீறவேயில்லை.
காகங்களை மட்டும் வரிசையில் வைத்தேன்,
பார்ப்பவர் கண் தானாகக் கம்பி இழுக்கும்.

புகைதான் வரவில்லை.
வெள்ளைக்குள் கறுப்பு விட்டால் சாம்பல்.
அம்பருக்குள் நீலம் விட்டால்
படத்துக்கென்று கிளப்பிய புகை.
வெயில் படும் இடத்தில் ஒரு நிறம் இருந்தது,
புறா கழுத்தைத் திருப்பும்போது வந்து போகுமே, அது.
மூன்று முறை கலந்தேன்,
மூன்று முறையும் சேறு.

"என்ன கீறுறியள்?"
வேலிக்கு மேலால் ஒரு முகம். கையில் வெறுங்கான்.
"பவர் ஸ்டேசனை."
"அதிலை என்ன வடிவு கிடக்கு?"
ஒரு மறுமொழி என்னிடம் இருந்தது,
கண்காட்சிக் கையேட்டுக்கு எழுதி வைத்தது.
சொல்லவில்லை.

டர்பன்டைன் முடிந்து
மண்ணெண்ணெயில் தூரிகை கழுவி
கறுத்ததை வரம்போரம் ஊற்றப் போனேன்.
"ஊத்தாதையுங்கோ!"
காகங்களே எழும்பிவிட்டன.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"உள்ளதே காணும். இஞ்சாலை வாங்கோ."

பெயர் யோகமலர் என்றாள்.
மோட்டரைக் கழற்றிக் கன காலம்,
கப்பியில் கயிறு விட்டு ஒரு வாளி அள்ளி
சீமெந்து மேடையில், வெயிலில் வைத்தாள்.
தண்ணீர் அடங்கும்வரை
இருவரும் பேசாமல் நின்றோம்.

அடங்கியது.
மேலே மெல்ல விரிந்தது
விடிந்ததிலிருந்து நான் தேடிய நிறம்.
ஊதா, அதன் பக்கத்தில் பச்சை,
ஓரத்தில் ஒரு நூல் செம்பு.
வாயில் 'ஆகா' வந்துவிட்டது.
விழுங்கினேன்.
மண்ணெண்ணெய் மணத்தது.

"முதல் வந்து சோதிச்சவை ஓமெண்டவை.
அடுத்த முறை வந்தவை இல்லையெண்டவை.
போத்திலிலை அள்ளிக்கொண்டு போனவை
போனதுதான்.
சமையலுக்கு ஒழுங்கை முகப்பு நீலத் தாங்கி.
பவுசர் வராட்டி
கடையிலை வாங்கிறது."
சொல்லிக்கொண்டே வாளியை வாழையடிக்குக் கொண்டு போனாள்.
பாதி வழியில் நின்று, திரும்பி,
அதை எங்கே ஊற்றுவதென்று
அவளுக்கும் தெரியாதது போல.

போகும்போது படத்தை வந்து பார்த்தாள்.
வெகு நேரம் பார்த்தாள்.
"நல்லாத்தான் கிடக்கு. என்ன விலை போகும்?"
குறைத்துத்தான் சொன்னேன்.
"அந்தக் காசுக்கு ஃபில்டர் ஒண்டு போடலாம்."
சிரித்தாள், நானும் சிரித்தேன்,
ஒரே விஷயத்துக்கு அல்ல.

புகைக்கு வாளியின் நிறத்தை வைத்தேன்.
கத்தி முனையால், இரண்டே இழுப்பு.
அப்படியே பொருந்தியது.
அதுதான் சங்கடம்.

ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் போலக் காயாது.
காற்றைக் குடித்துக் குடித்து இறுகும்,
உள்ளே ஈரம் மாதக் கணக்கில் கிடக்கும்.
படம் சுவரைப் பார்த்தபடி அறையில் நிற்கிறது.
மூடி இறுக்கி, மினிபஸ்ஸில்
கால்களுக்கிடையில் வைத்துக் கொண்டுவந்த போத்தல்
யன்னல் கட்டில்.
வண்ணம் அடியில் படிந்து
மேலே மண்ணெண்ணெய் தெளிந்துவிட்டது.
கூட்டுகிறவள் இரண்டு முறை கேட்டுவிட்டாள்,
"அக்கா, இதை எங்கை ஊத்த?"