நூற்றைம்பது மீட்டரில் ஒரு புள்ளி

மாதவரம் ரவுண்டானா தாண்டி
ஓரமாக நிறுத்தி வைத்திருந்தோம் மூன்று பலகைகளை.
மூன்று கம்பெனி, மூன்று விலை,
ஒரே வாசகம்:
சுரங்கப்பாதையில் வெள்ளம்.

இரவு பதினொன்றேகால். பிசுபிசுவென்று தூறல்.
தண்ணி லாரியை ஓட்டியவர் பூங்காவனம்.
பக்கத்தில் நான்,
மடியில் படிவம், கையில் ஸ்டாப்வாட்ச்.
படிக்க முடிந்த நொடியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்,
அவ்வளவுதான் அவர் வேலை.

முதல் பலகைக்குக் கண்ணைச் சுருக்கினார்.
"என்னா சார், கல்யாண மண்டபமா?"
வெளிச்சம் அதிகம், எழுத்து கரைகிறது
என்று குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது, விலை குறைந்தது.
தூரத்திலேயே படித்துவிட்டார், சத்தமாக:
"சுரங்கப்பாதையில் வெல்லம்."

சிரித்ததில் பேனா கீழே விழுந்தது.
ளகரத்தின் கடைசிக் கோட்டுக்கு
ஒரு வரிசை விளக்கு போதவில்லை;
புள்ளிகள் மேல்விளிம்பில் முட்டி
தூறலோடு தூறலாகிவிட்டன.
விலைக்கு ஒரு கட்டம் உண்டு படிவத்தில்,
பிரகாசத்துக்கு, உத்தரவாதத்துக்கு.
புள்ளிக்கு இல்லை.

மூன்றாவதைக் கடக்கும்வரை அவர் பேசவில்லை.
நொடிகள் ஓடிக்கொண்டே இருந்தன.
"தெரியலையாண்ணே?"
"தெரிஞ்சுது. அந்த வளைவுலயே தெரிஞ்சுது."
கியரை மாற்றினார்.
"போன மழைக்கு ஒரு சப்வேல எறக்கிட்டேன் சார்.
ஸ்டீரிங் வரைக்கும் ஏறிடுச்சு.
டேங்க்குக்குள்ள நல்ல தண்ணி, வெளிய சாக்கடத் தண்ணி,
மேல உக்காந்துனு நானு, விடியற வரைக்கும்."

எத்தனை நொடி என்று எழுதுவது?
இன்னொரு முறை திருப்பி வரச் சொன்னேன்.

இந்தத் தடவை வளைவிலேயே சொன்னார்,
வெள்ளம் என்று,
நாக்கை நன்றாக மடித்து.