முப்பத்தொரு மீற்றர்

அளந்தது நான்தான்.
தையல் நாடாவை இருபத்தொரு தரம் புரட்டி,
தண்ணீர்க் குழாயடியிலிருந்து பின்சுவர்வரை
முப்பத்தொன்றரை.
அரை மீற்றர் கானுக்குப் போய்விட்டது.

எங்கள் மைதானம் அவ்வளவுதான்.
ஜிந்துப்பிட்டியில் அதற்குமேல் நேராக
எதுவும் போவதில்லை,
வெங்காய லொறிகூட.

சுவருக்கு அந்தப்பக்கம் செத்தல் மிளகாய்க் களஞ்சியம்.
மூட்டை உதறும் நாட்களில்
முதலாவதாய் வந்த பிள்ளை
முதலாவதாய்த் தும்மும்.

எனக்குத் தெரிந்தது கணக்கு.
விளையாட்டு சேர் மாற்றலாகிப் போன கிழமை
அதிபர் விசிலை என் மேசையில் வைத்தார்,
"கொஞ்ச நாளைக்கு, ரீச்சர்."
மூன்று வருஷம்.

செவ்வாய் மூன்றாம் பாடம்.
காற்சட்டைப் பையில் பாண் துண்டோடு நிலுக்சன்.
சப்பாத்து நாடாவைப் பல்லால் அவிழ்க்கும் ஹம்தி.
வெள்ளைச் சப்பாத்து ஊத்தையாகுமென்று
தன் காலையே பார்த்து ஓடும் ஜோவிட்டா.

இவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது
ஓட அல்ல, நிற்க.
இருபத்தைந்தில் காலைத் தளர்த்து.
கையை முன்னால் நீட்டு.
முட்டியை மடி, மூக்கைக் காப்பாற்று.

சுவர் முழுக்க உள்ளங்கை ஊத்தை,
ஒன்றின்மேல் ஒன்றாய்,
ஒன்பது வயதின் உயரத்தில்.
மார்கழியில் நீலம் அடிப்பார்கள்.
தை பிறந்தால் திரும்பவும் கைகள்.
டிலக்சனாவின் கை மட்டும் கொஞ்சம் மேலே.
அவளைத் தும்மல்கூடப் பிந்தித்தான் பிடிக்கும்.

வலயப் போட்டிக்கு ஓட்டோவில் போனோம்,
நான்கு பிள்ளைகள், நான்,
ஒரு போத்தல் குளுக்கோஸ் தண்ணீர்.
பொரளைப் பக்கம் மைதானம்.
இறங்கியவர்கள் பேசாமல் நின்றார்கள்.
"இது முழுக்க விளையாடவா, ரீச்சர்?"
மெதுவாகத்தான் கேட்டான் ஹம்தி,
யாருக்கும் கேட்டால்
பறித்துவிடுவார்கள் என்பதுபோல.

எண்பது மீற்றர். ஆறாவது தடம்.
மற்றத் தடங்களில் ஆணிச் சப்பாத்துகள்.
கூடாரத்துக்குள் தோடம்பழம் உரிக்கும் பெற்றோர்.
துவக்கு வெடித்தது.

பாய்ந்தாள் பாருங்கள்!
பத்தில் முன்னால்.
இருபதில் பக்கத்தில் ஒருவரும் இல்லை.
குடையைத் தூக்கி எறிந்தேனாம்,
பிறகு சொன்னார்கள்.

இருபத்தைந்தில்
கால் தளர்ந்தது.
கை முன்னால் நீண்டது.
முட்டி மடிந்தது.
நான் சொன்ன ஒவ்வொன்றும் பிசகாமல்
வெறும் புல்லுக்கு நடுவில்
இல்லாத சுவரைத் தொட.

சனம் சிரித்தது. எல்லாரும் அல்ல.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.
அதற்குள் ஐந்து பேர் தாண்டிவிட்டார்கள்.
பிறகு ஓடினாள், ஏழாவதோ எட்டாவதோ.
ஆனால் கோட்டில் நிற்கவில்லை.
கொடி பிடித்தவர்கள் கூப்பிடக் கூப்பிட
ஓட்டமாய், பிறகு நடையாய்,
மைதானம் முடியும் இடம்வரை போய்
அங்கிருந்த மதிலை
இரண்டு கையாலும் தொட்டாள்.
தும்முவாளோ என்று பார்த்தேன்.

"எவ்வளவு ரீச்சர்?"
"எது?"
"மதில்வரைக்கும்."
என்னிடம் நாடா இருக்கவில்லை.
"நிறைய" என்றேன்.
கணக்கு ரீச்சர் சொல்லும் விடையா அது.

இந்தச் செவ்வாய் மறுபக்கமாய் ஓடவிட்டேன்.
குதிக்காலைச் சுவரில் ஊன்றித் தொடங்க வேண்டும்.
குழாயடி தாண்டினால் கேற்,
அதை அகலத் திறந்துவிட்டு
காவலாளி பந்துசேன தெருவில் இறங்கி
ஒரு லொறியை ஒற்றைக் கையால் மறித்து நின்றான்.

லொறி ஹோர்ன் அடிக்கிறது.
மாடியிலிருந்து அதிபர் என் பெயரைக் கூப்பிடுகிறார்.
இருபத்தைந்தில் டிலக்சனா கேட்கிறாள்,
ஓடிக்கொண்டே,
"நிக்கவா ரீச்சர்?"

விசில் கையில்தான் இருக்கிறது.