முன்னறிவிப்புக் காலம்

எங்கள் அலுவலகத்தில் தட்டுவதற்கு இருப்பது
கழிப்பறைக் கதவு ஒன்றுதான்.
ஹிதாயா என் மேசை விளிம்பைத் தட்டினாள்.
அப்போதே தெரிந்துவிட்டது.

ஊபியில் ஐந்தாம் மாடி.
கீழே கார்ப் பட்டறையில் யாரோ
நசுங்கிய பம்பரை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.
அந்தச் சத்தத்தின் இடைவெளிகளில் சொன்னாள்:
வங்கி. ராஃபிள்ஸ் பிளேஸ்.
நான் கொடுப்பதைப் போல் ஒன்றேமுக்கால் மடங்கு.
பல்லுக்குக்கூடக் காப்பீடு.
தொகையைச் சொல்லும்போது தலை குனிந்தாள்,
என் வீட்டு மாவு டப்பாவைக்
கவிழ்த்துவிட்டவள் போல.

இந்த நாற்காலிக்கு
பதினோரு மாதம் ஆள் தேடினேன்.
சம்பளத்தைக் கேட்டதும் ஒருவர்
திரை உறைந்துவிட்டதாக நடித்தார்.
அவர் முதுகுக்குப் பின்னால்
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
புகழேந்தி, திருச்சியிலிருந்து,
நான் மூன்று வருடமாய்ப் பார்க்காத பிழையை
நேர்காணலிலேயே காட்டினான்.
வேலை அனுமதி கிடைக்கவில்லை.
மேல்முறையீட்டிலும் இல்லை.
பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறான்.
'விரைவில்' என்று பதில் எழுதுவதை
இந்த வருடம்தான் நிறுத்தினேன்.
ஜுன் காய் முதல் நாளே
மதியச் சாப்பாட்டுக்குப் போனவன்.
மூன்று நாள் கழித்து அவன் பையை
ஒரு டெலிவரிக்காரர் வந்து வாங்கிப்போனார்.
ஐந்து நட்சத்திரம் கொடுக்கச் சொன்னார்.

ஹிதாயாவையும் நான்
ஓரிடத்திலிருந்து பறித்துத்தான் வந்தேன்.
"அங்கே நீ நானூறில் ஒருத்தி,
இங்கே நால்வரில் ஒருத்தி" என்றேன்.
வங்கிக்காரர் அவளிடம் சொன்னாராம்:
"அங்கே நால்வரின் வேலையை நீ செய்கிறாய்."
நல்ல வாக்கியம்.
பொய்யும் இல்லை.

போன நோன்பு மாதம்,
சினோக்கோ குளிர்கிடங்கில்
மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினொன்று ஆகி
மைனஸ் நான்கை எட்டிய இரவு,
ஆறு டன் இறாலை
தொலைபேசியிலேயே காப்பாற்றினாள்,
காவலாளிக்கு எந்த நிறக் கம்பி என்று சொல்லிச் சொல்லி.
"எப்படியும் சஹூருக்கு எழுந்திருப்பேன்" என்றாள்.
மணி அப்போது ஒன்றரை.
அந்தப் பொய்யை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.
சம்பளத்தில் சேர்க்கவில்லை.

சேர்த்தது வேறு:
அரை விழுக்காடு பங்கு,
நான்கு ஆண்டில் முதிரும் காகிதம்.
அவள் அப்பா வாரம் மூன்று நாள் போகும்
தோ பாயோ டயாலிசிஸ் மையத்தில்
அந்தக் காகிதத்தை வாங்கமாட்டார்கள்.
அவள் இதைச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை, இத்தனை மாதமாய்.

ஒரு தொகை சொன்னேன்.
கணக்குப் போட்டுப் பார்த்தவள் சிரித்தாள்.
"அது உங்க சம்பளமாச்சே."
பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு மாதம்
முன்னைவிட நன்றாக வேலை பார்த்தாள்.
அதுதான் தாங்கவில்லை.
போகும் நாளில் ஒரு கோப்பு அனுப்பினாள்,
நாற்பது பக்கம். கடைசி வரி:
'மூன்றாம் கிடங்கின் உணரி
மழை நாளில் தப்பாகக் காட்டும்.
நம்பாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள்.'

இரவு, பழைய விளம்பரத்தைத் திறந்தேன்.
'குடும்பம் போன்ற சூழல்' என்பதை அழித்தேன்.
குடும்பத்தில் யாரும்
ஒரு மாத முன்னறிவிப்போடு போவதில்லை.
'துடிப்பான' என்பதையும் அழித்தேன்.
'நள்ளிரவில் அழைப்பு வரும்,
அதற்குத் தனியே பணம் தருவோம்' என்று எழுதினேன்.
எங்கிருந்து தருவேன் என்பது
நாளை என்னுடைய கணக்கு.

காலை ஏழுக்குள் ஒரே ஒரு விண்ணப்பம்.
தற்போது வங்கியில் இருக்கிறாராம்.
சேர ஒரு மாதம் அவகாசம் வேண்டுமாம்.

ராஃபிள்ஸ் பிளேஸில்
கண்ணாடிக் கதவுக்குள் அமர்ந்திருக்கும்
முகம் தெரியாத மேலாளரே,
சற்று நேரத்தில் உங்கள் கதவைத்
தட்டுவார்கள்.