திறப்பு

கொழும்பிலிருந்து வந்த சுற்றறிக்கை
நாற்பத்தொரு பக்கம்.
கச்சேரியில் அதைத் தமிழாக்கியவன் நான்.
'மனித மூலதனம்' என்று எழுதிவிட்டுப்
பேனையை வைத்தேன்.
எங்களுக்கு அது வெறும் 'முதல்'.
வெங்காயத்துக்குப் போட்ட முதல்,
மார்கழி மழை தின்ற முதல்.
பிள்ளைகளுக்குச் செலவழித்ததை
ஒருவரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.
ஆனாலும் இலவசப் பாடப்புத்தகத்தில்
அரச இலச்சினை இருக்கிறதுதானே.
அதுவும் முதல்தான். போட்டவர்
பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

பதினேழாம் பக்கத்தில் ஓர் அட்டவணை:
பிரதேச வாரியாகப் புத்தாக்குநர் தொகை.
வேலணையிலிருந்து ஒருவர் கோல் எடுத்தார்.
"புத்தாக்குநர் எண்டா ஆர், தம்பி?
போன வருசத்தோட பத்து வீதம் கூட்டிப் போடட்டோ?"
போடுங்கோ என்றேன்.
வெட்கம் இப்போது எழுதும்போதுதான் வருகிறது.

அன்று பின்னேரம்
பருத்தித்துறை பஸ்ஸில் வந்து இறங்கியவள் நிதர்சினி.
கையில் பிஸ்கற் பெட்டி,
உள்ளே வயரும் பழைய பிரின்டரின் சில்லும்.
"கிணத்தில உவர் கூடினா
இது பம்பை நிப்பாட்டும்.
அச்சுவேலியில அஞ்சு கிணத்தில ஓடுது.
மழைக்குத்தான் தாங்குதில்லை.
மூடி ஒண்டு செய்யவேணும்.
உங்கட பயிற்சி நிலையத்தில மெசின் இருக்காம்."

இருக்கிறது.
திறப்பு விழாப் படம் பேப்பரில் வந்தது.
நாடா வெட்டிய கத்தரிக்கோல்கூட
இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டது.
மெசின் மட்டும் பொலித்தீனுக்குள்.
போதனாசிரியர் இல்லாததால் பூட்டு;
பூட்டியிருப்பதால் மாணவர் இல்லை;
மாணவர் இல்லாததால்
வெற்றிடம் நிரப்ப அவசியமில்லை என்று
வந்த பதிலையும் நான்தான் தமிழாக்கினேன்.
நல்ல தமிழ். ஒரு பிழையில்லை.

"அப்ப திறப்பு ஆரிட்ட?"

நான்கு திணைக்களம் கேட்டேன்.
ஒருவர் விழாத் திகதியைச் சொன்னார்.
ஒருவர் படிவம் கேட்டார்; எந்தப் படிவம் என்று
அவருக்கும் தெரியவில்லை.
கடைசியில் என் அலுமாரியிலேயே,
கோவையின் பின்னட்டையில்
செலோரேப் போட்டு ஒட்டியிருந்தது.
இரண்டு வருடமாக என் முதுகுக்குப் பின்னால்.

சதுரறூள் கொப்பித் தாளில் அவள் எழுதிய கடிதத்தின் கீழ்
'சனிக்கிழமைகளில் அனுமதிக்கலாம்' என்று எழுதினேன்.
ஒப்பம் என்னுடையது.
அதிகாரம் யாருடையதோ.

இந்தக் கிழமை கணக்காய்வு ஐயவினா வந்திருக்கிறது:
எந்தப் பிரிவின் கீழ் வழங்கப்பட்டது?
பதில் எழுதுகிறேன், மூன்றாவது தடவையாக.
இடையில் அவள் கோல் எடுத்தாள்.
மூடி ஒரு மில்லிமீற்றர் பெரிதாம்,
தண்ணீர் இன்னும் போகிறதாம்.
அடுத்த சனியும் வேணுமாம்.