கூரையில் ஒரு துளை

நரசிங்கபுரம் தெருவில் மூன்று சனிக்கிழமைகள்.
சீனத்துப் பெட்டிக்கு இரண்டு பட்டை, வண்ணத்திரை,
பொம்மைக்கடை வெளிச்சம்.
பக்கத்தில் ஜப்பான் பழசு:
ஒரே பட்டை, ஐம்பது வாட்,
முதுகெல்லாம் அலுமினியச் செதில்.
தூக்கிப் பார்த்தால் செங்கல்லின் நேர்மை.

கடைக்காரர் லைசென்ஸைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
"சாருக்கா மேடம்?"
படத்தில் இருப்பது என் முகம்.
மோர்ஸ் தேறியது என் விரல்.
சொல்லவில்லை.
ஐந்நூறு குறைத்துக் கேட்டேன்.

பழைய வேகன் ஆரில் காலி இடம் ஏது?
சீட்டுக்கடி இழுப்பறையில் அவர் செருப்பு.
டேஷ்போர்டில் பிள்ளையார், புகைச் சான்றிதழ்,
மகளின் ஒற்றை ஹேர்கிளிப்.
மிச்சம் இருந்தது கியருக்கு முன்னால் ஒரு சாண்.
அங்கே வைத்தால்
அவருடைய வலது முழங்கால் இடிக்கும்.
"இடிக்கும்" என்றார்.
"ஆமா" என்றேன்.

புதுப்பேட்டையில் தஸ்தகீர்
சிகரெட் சாக்கெட்டில் சொருகிவிடலாம் என்றார்.
ஐம்பது வாட்டுக்கு அந்த ஒயர் நூல், அண்ணே.
பேட்டரியிலிருந்து நேராய் வரட்டும்,
சிவப்புக்கு ஒரு ஃபியூஸ், கறுப்புக்கு ஒரு ஃபியூஸ்.
"கறுப்புக்கு எதுக்கும்மா, அது சும்மா எர்த்து."
ஒருநாள் எஞ்சினின் எர்த்துப் பட்டை அறுந்தால்
செல்ஃப் இழுக்கிற மொத்தக் கரண்டும்
இந்தச் சும்மா வழியாகத்தான் திரும்பும்.
அவர் யோசித்தார்.
இரண்டு ஃபியூஸ் எடுத்தார்.
தகரச் சுவரைத் தாண்டும் இடத்தில்
ஒயரின் கழுத்தை அறுக்காமலிருக்க
கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று,
நான் கேட்காமலே.

பிறகு ஆன்டெனா.
காந்தம் போதும் என்றார் இவர்:
ஒட்டலாம், எடுக்கலாம், தடயம் இருக்காது.
எனக்குத் தடயம் வேண்டும்.
கூரை நட்டநடுவே, நாலு பக்கமும் தகரம் சமமாய்,
கால் அலைநீளம், அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
"மழை?"
"வாஷர் இருக்கு."
"வித்தா விலை குறையும்."
"விக்கலை."
டிரில் இறங்கியபோது
வெள்ளைப் பெயின்ட் சுருள்சுருளாய் எழுந்தது.
ஒரு நொடி,
காருக்குள் காசளவு புதுப்பேட்டை வெயில்.

மீட்டர் முள் ஒன்று புள்ளி மூன்றில் நின்றது.
தஸ்தகீருக்கு டீ சொன்னேன்.

அன்றிரவு எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில்
தண்ணீர்க் குழாயில் ஆன்டெனா இடித்தது: டங்.
வாட்ச்மேன் எழுந்து நின்றார்.
இப்போதெல்லாம் எழுவதில்லை,
அந்தச் சத்தத்துக்கு நான் என்று பெயர்.

முதலில் பதில் தந்தவர் பிராங்க்ளின்,
காட்டுப்பள்ளியில் கிரேன் ஓட்டுபவர்,
பணி முடிந்து எண்ணூர் சாலையில் பைக்கை ஓரங்கட்டி
கைப்பெட்டியில் பேசினார்.
"ஐந்துக்கு ஒன்பது. ஆனா மேடம்,
உங்க குரலுக்குப் பின்னாடி ஒரு விசில்.
ஆல்டர்னேட்டர். இப்ப செகண்ட் கியர்,
சரியா? ஓவர்."
மூலக்கடை மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன்.
சரிதான்.

ஒரு வாரம் அப்படித்தான் போனது.
"சிக்னல்ல நிக்கறீங்க."
"யாரையோ முந்தறீங்க, கோபமா?"
முகம் பார்த்திராத மனிதர்
என் கியரையெல்லாம் படித்துக்கொண்டிருந்தார்.

ஃபெரைட் வளையம் இரண்டு மாட்டினேன்,
எர்த்தைச் சுரண்டி இறுக்கினேன்.
விசில் போய்விட்டது.
"சுத்தமா இருக்கு மேடம்" என்றார்.
கொஞ்சம் இடைவெளி விட்டு,
"இப்ப ஓடுறீங்களா நிக்கறீங்களான்னே தெரியல. ஓவர்."

மழை பிடித்திருந்தது.
வியாசர்பாடிச் சுரங்கப்பாதைக்கு முன்னால்
நீளமாய்ச் சிவப்பு விளக்குகள்.
கூரையைத் தடவிப் பார்த்தேன்:
வாஷர் ஓரம் ஒரே ஒரு சொட்டு.
இவரிடம் சொல்லப்போவதில்லை.

மைக்கை எடுத்தேன்.
"நிக்கறேன் பிராங்க்ளின்.
சுரங்கப்பாதையில தண்ணி,
அந்தப் பக்கம் வராதீங்க. ஓவர்."