இடப்பக்கத்து மிதி

ஞாயிறு மதியம் மூன்று மணி.
சக்கரம் ஆறிவிட்டதா என்று
புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப்போல.
சூட்டோடு மருந்தடித்தால் திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடும்.
ஒருமுறை பட்டிருக்கிறேன்.

டனீடினை மேடும் பள்ளமுமான ஊர் என்றால் போதாது.
ரோஸ்லின் மேட்டிலிருந்து கடைத்தெருவுக்கு இறங்குவது
வண்டி ஓட்டுவதல்ல,
விழுவதைத் தவணைமுறையில் கட்டுவது.
கட்டிய ரசீதெல்லாம்
முன்சக்கரத்தின் ஐந்து ஆரங்களிலும் இருக்கிறது,
சுட்ட கத்திரிக்காய்த் தோலாகக்
கருகி ஒட்டிக்கொண்டு.

சோப்பு நுரையைப் பார்த்துச் சிரிக்கிற அழுக்கு இது.
இரும்புத்தூள். கொதிக்கக் கொதிக்கப் பறந்து வந்து
பூச்சுக்குள்ளேயே குடியேறிவிடும்.
"கறுப்புச் சக்கரம் போட்டுக்கோ ரோவெனா,
அழுக்கே தெரியாது" என்பான் ஃபெர்கஸ்.
அவனும் ஓட்டப் பழக்குகிறவன்தான்.
அவன் காருக்குள் நான் உட்கார்ந்ததில்லை.

மருந்தடிக்கிறேன். நிறமில்லை.
ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன்.
இருபதுக்குமேல் எங்கிருந்தோ
நாவல்பழச் சாறு கசிகிறது.
ஆரம் ஆரமாக ஊதா வழிகிறது.
கூடவே அழுகிய முட்டை நாற்றம்;
பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொள்கிறது.

இது யாருடைய தூள்?
டவீட்டாவுடையது இல்லை.
பத்தொன்பது வயது, ரக்பி தோள்,
பிரேக் என்று ஒன்று இருப்பதையே
அவமானமாக நினைக்கிறவன்.
சிவப்பு விளக்கு கிட்டக் கிட்ட வர
அவன் மாட்டிறைச்சிப் பை எங்கே நன்றாயிருக்கும் என்று
சொல்லிக்கொண்டிருப்பான்.
என் பக்கத்திலும் ஒரு மிதி உண்டு.
இடப்பக்கம், யார் கண்ணிலும் படாமல்.
ஆக, அவன் கணக்கிலுள்ள கறுப்பு முழுக்க
என் காலிலிருந்து வந்தது.

பெரில் வேறு மாதிரி.
அறுபத்தெட்டு வயதில் முதல் பாடம்.
ஸ்டுவர்ட் தெரு முழுக்க, மேலிருந்து கீழ்வரை,
மிதித்த காலை எடுக்கவே இல்லை.
கீழே வந்து நின்றபோது கருகல் வாடை.
"நான்தானா?" என்றாள்.
"சக்கரம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவள் தேறிவிட்டாள்.

இதோ வருகிறாள், தானே ஓட்டிக்கொண்டு.
காலினின் பச்சை சுபாரு.
நடைபாதைக்கு ஒரு கஜம் தள்ளி நிறுத்துகிறாள்;
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கையில் முகச்சவரத் தூரிகை.
"அலமாரியில் சும்மா கிடந்தது.
மயிர் மெத்தென்று இருக்கும், சந்துக்குள் போகும்."
கேட்காமலே முழங்காலில் உட்கார்ந்து
திருகுக் குழிகளைச் சுழற்றிச் சுழற்றித் தேய்க்கிறாள்,
ஒரு தாடைக்கு நுரை பூசுகிற பழக்கத்தில்.
எப்போதாவது அவருக்குப் பூசிவிட்டிருப்பாளோ?
கடைசி மாதங்களில், ஒருவேளை.

குழாயைத் திறந்தேன்.
ஊதா சாக்கடைக்கு ஓடியது.

"அந்தச் சக்கரத்தையும் செய்துவிடலாமா?"
பச்சைக் காரைக் காட்டினேன். நான்கும் கரி.
"வேண்டாம். அது அவர் நின்ற இடமெல்லாம்" என்றாள்.
பிறகு சிரித்துவிட்டாள். "நின்றாரா எங்கே!
உள்ளே வந்து பார்."

இடப்பக்கக் கதவைத் திறந்து காட்டினாள்.
வலக்கால் வைக்கிற இடத்தில்
மிதியடி தேய்ந்து,
அடியிலுள்ள ரப்பரும் தேய்ந்து,
உள்ளங்கால் அளவுக்குத் தகரம் பளபளத்தது.

"நாற்பத்து நான்கு வருஷம்,
ஒவ்வொரு இறக்கத்திலும்.
இங்கே ஒன்றுமே இல்லை என்று
தெரிந்தும்தான்."

எனக்குக் கால் கூசியது.
வால்வுக்குப் பக்கத்தில் இன்னும் நாலைந்து புள்ளிகள்
போகாமல் இருந்தன.
திரும்பிப் போய், இன்னொருமுறை
மருந்தடித்தேன்.